துருப்பிடித்த பழைய ஃபியட்: சரிசெய்யலாமா, விட்டுவிடலாமா?

வீட்டில் பல வருடமாக நிற்கும் பத்மினி (நாம் ஃபியட் என்று சொல்வது), மாமனார் ஓட்டிய அம்பாசிடர், நண்பர் மூலம் விலைக்கு வந்திருக்கும் ஹெரால்டு என்று எதுவாக இருந்தாலும், அடியில் துரு தெரிந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான். இதில் பணம் போடலாமா, கூடாதா?

எங்கள் வீட்டு பத்மினிக்காக டிங்கரிங் ஷெட்டுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் நிறைய அலைந்திருக்கிறேன். டிங்கர் தகரத்தைப் பற்றிப் பேசினார், பெயிண்டர் கலரைப் பற்றிப் பேசினார், ஆர்.டி.ஓ. வாசலில் நின்ற ஏஜென்ட் பணத்தைப் பற்றிப் பேசினார். எதை முதலில் பார்ப்பது, எந்த இடத்தில் போதும் என்று நிறுத்துவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். கடல் காற்றைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டால் மதுரை, கோவைக்காரர்களுக்கும் மற்றதெல்லாம் பொருந்தும்.

1. துருவைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். தகரத்தை எவ்வளவு கெட்டுப்போயிருந்தாலும் பணம் இருந்தால் மாற்றிவிடலாம். காகிதம் கெட்டுப்போயிருந்தால் சில நேரம் எவ்வளவு பணம் இருந்தாலும் சரிவராது.

பார்க்க வேண்டியவை:

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? உயிரோடு இருப்பவர் என்றால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 போதும். இறந்தவர் பெயரில் இருந்தால் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். அண்ணன், தங்கை, அத்தை என்று கையெழுத்துப் போட வேண்டியவர்கள் வெளிநாட்டில் இருந்தால் இதற்கே மாதக்கணக்கில் ஆகும். வெல்டிங் தொடங்குவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

அடமானப் பதிவு இருக்கிறதா? இதைப் பலர் கவனிப்பதே இல்லை. எண்பதுகளில் ஃபைனான்ஸில் வாங்கிய வண்டி. கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் நீக்கப்படாமல் அப்படியே இருக்கும். அதை நீக்கப் படிவம் 35இல் அந்தக் கம்பெனியின் கையெழுத்தும் தடையின்மைச் சான்றும் தேவை. கம்பெனியே மூடப்பட்டிருந்தால் என்ன செய்யலாம் என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டு, முடியுமென்றால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முடிச்சு அவிழும்வரை வண்டியில் கை வைக்காதீர்கள்.

பதிவு எந்தத் தேதிவரை செல்லும்? சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதைத்தான் ‘எஃப்.சி. காட்டுவது’ என்கிறோம். 15 ஆண்டு தாண்டிய காருக்கான புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு அதை 10,000 ஆக்கி 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவிப்பு வந்தது. இதோடு தமிழ்நாட்டின் பசுமை வரியும் சேரும்.

அதைவிடப் பெரிய அடி தாமதக் கட்டணம்தான். காருக்கு மாதம் 500 ரூபாய். அறுபது மாதம் தாமதம் என்றால் அதுவே 30,000. உங்கள் வண்டிக்கு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்பதை கவுண்ட்டரில் கேட்டு, தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகைதான் உங்கள் துருச் செலவுக் கணக்கின் முதல் வரி.

சேஸிஸ் எண் (வண்டியின் உடம்பில் பொறித்த அடையாள எண்) படிக்கும்படி இருக்கிறதா? பொறித்த இடத்தில் பெயிண்டையும் அழுக்கையும் மெதுவாகத் துடைத்து, ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுங்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். அந்த இடத்தையே துரு தின்றிருந்தால், தகரத்தைத் தொடும் முன் ஆர்.டி.ஓ.வில் போய்ச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். வண்டியை விலைக்கு வாங்கப் போகிறீர்கள், எண்ணும் படிக்க முடியவில்லை என்றால் அந்த வண்டியே வேண்டாம்.

கலர் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்.சி.யில் ஒரு கலரும் வண்டியில் வேறு கலரும் இருந்தால் அதைப் பதிவில் சேர்க்க வேண்டும். எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆர்.சி.யில் உள்ள கலரையே அடித்துவிடுவது சுலபம்.

2. உங்கள் வண்டிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் உண்டா?

இது சின்ன விஷயம்போலத் தெரியும். முடிவைப் பாதி தீர்மானிப்பது இதுதான்.

லாரிக்கு இருப்பதுபோல ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் சட்டம் உண்டு. பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். சட்டம் நன்றாக இருந்தால் கதவு, மட்கார்டு, ஃப்ளோர் எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் பிரித்துத் தனித்தனியாகச் சரிசெய்யலாம்.

பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஃப்ளோர், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி (நம் ஷெட்டுகளில் ரன்னிங் போர்டு என்பார்கள்), தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. ரன்னிங் போர்டு இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்யும். ஆகவே இந்த வண்டிகளில் எவ்வளவு துரு என்பதைவிட எங்கே துரு என்பதுதான் முக்கியம். மட்கார்டில் கை நுழையும் ஓட்டை இருந்தாலும் கவலை இல்லை. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் விரல் நுழையும் ஓட்டை இருந்தால் வண்டியை ஓட்டக் கூடாது.

3. ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி நீங்களே பாருங்கள்

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைச் செய்யுங்கள். ஷெட்டில் யார் என்ன சொன்னாலும் உங்களால் சரிபார்க்க முடியும்.

தேவையானவை: நல்ல டார்ச், நீளமான பழைய ஸ்குரூடிரைவர், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், சாக்பீஸ், கேமரா உள்ள போன். ஜாக்கி போட்டால் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் போகாதீர்கள். துருப்பிடித்த வண்டியில் ஜாக்கி போடும் இடமே உள்ளே போய்விடும். முடிந்தால் சர்வீஸ் ஸ்டேஷன் லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள்.

மேட்டைத் தூக்குவதில் தொடங்குங்கள். ரப்பர் மேட், அதன் அடியில் இருக்கும் சணல் விரிப்பு இரண்டையும் முழுவதும் எடுத்துவிடுங்கள். முன் கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, கால் வைக்கும் பள்ளத்தில் தேங்கும். சணல் விரிப்பு அந்தத் தண்ணீரை வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே மேட் காய்ந்து சுத்தமாக இருக்கும். அதைத் தூக்கினால் விரிப்பு தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது பழுப்பு நிறச் செதில்களோடு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். அந்தச் செதில்களைப் பெருக்கிவிட்டு ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். ஓங்கிக் குத்த வேண்டாம், உள்ளங்கை பலத்தில் அழுத்தினால் போதும். தகரம் முனகினாலும், அமுங்கினாலும் அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போடுங்கள்.

அடுத்து வரிசையாகப் பாருங்கள்:

ரன்னிங் போர்டு. ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே முன்னிருந்து பின்னுக்குப் போங்கள். நல்ல தகரத்தில் கணீரென்று கேட்கும், பட்டி (ஓட்டையையும் குழியையும் மறைக்கப் பூசும் பசை) பூசிய இடத்தில் சத்தம் மங்கும். காந்தத்தையும் நகர்த்திப் பாருங்கள். பட்டி இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது, அல்லது வழுக்கி விழும். பளபளவென்று பெயிண்ட் அடித்து விற்பனைக்கு நிற்கும் வண்டியில் இந்தச் சோதனையை விடவே விடாதீர்கள்.

பின் ஸ்பிரிங் மாட்டும் முன், பின் இடங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி உள்ளிருந்தும், அடியிலிருந்தும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அம்பாசிடர் என்றால், முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி) பின்முனை மாட்டியிருக்கும் குறுக்குச் சட்டத்தைக் கட்டாயம் பாருங்கள்.

பேட்டரி தட்டு. ஆசிட் கசிந்து தட்டும் அதன் கீழுள்ள தகரமும் அரித்திருக்கும். தட்டை மாற்றுவது எளிது, அதன் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கதவின் அடி. தண்ணீர் வடியும் சிறு துளைகள் மண்ணால் அடைத்திருந்தால் உள்ளிருந்து துரு வரும்.

டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடம், பின் விளக்குகளின் உள்பக்கம், முன் கண்ணாடி ரப்பரின் கீழ் ஓரம்.

கடைசியாகக் கதவுச் சோதனை. வண்டி தரையில் நிற்கும்போது நான்கு கதவுகளின் இடைவெளியையும் போட்டோ எடுங்கள். அப்புறம் ஒரு பக்கம் தூக்கி மறுபடி திறந்து மூடுங்கள். தரையில் சரியாக மூடிய கதவு தூக்கிய பிறகு இடித்தால் உடம்பு வளைகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையில் தேறாத பத்மினியைச் சின்ன வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய தெருவில் நின்ற வண்டி, 2015 அல்லது 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். உள்பெட்டிகளுக்குள் சேறு புகுந்து காய்ந்திருக்கும். அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

4. பார்த்ததைத் தரம் பிரியுங்கள்

மூன்று வகைதான். தேய்த்தால் போய், கீழே பளிச்சென்று இரும்பு தெரிந்தால் மேல்துரு. தேய்த்த பிறகும் தகரத்தில் குழி குழியாக இருந்தால் தகரம் மெலிந்துவிட்டது. அமுங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ வெட்டித்தான் ஆக வேண்டும்.

மேல்துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் போதும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த அந்தத் திரவம் மெல்லிய துருவை மட்டும்தான் மாற்றும். செதில் செதிலாக இருக்கும் துருவின் மேல் ஊற்றினால் மேல் அடுக்கு கறுத்துப்போய் அழகாகத் தெரியும், அடியில் தின்பது தொடரும்.

இன்னொன்று. சர்வீஸ் ஸ்டேஷனில் ‘ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடித்துவிடலாம் சார்’ என்பார்கள். சுத்தம் செய்யாத துருவின் மேல் அந்தத் தார்க் கலவையை அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். வெளியே கறுப்பாக, கெட்டியாகத் தெரியும். இரண்டு மூன்று மழை கழித்து அந்தக் கோட்டிங்கோடு சேர்ந்து தகரமும் விழும். புதிதாகக் கோட்டிங் அடித்த பழைய வண்டி விலைக்கு வந்தால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மூலையிலாவது சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும்.

5. முதலில் பிரித்துப் பார்க்க மட்டும் கூலி கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ‘மொத்தமா இவ்வளவு’ என்று தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடாதீர்கள்.

துரு வெளியே தெரிவதைவிட உள்ளே எப்போதும் அதிகம். பிரிக்காமல் சொல்லும் தொகை ஊகம்தான். ஊகம் குறைவாகப் போனால் டிங்கர் நஷ்டத்தைச் சரிக்கட்டப் பட்டியைக் குழைப்பார், அல்லது வண்டி பாதியில் பிரித்துக் கிடக்கும்போது கூடுதல் பணம் கேட்பார். அந்த நிலையில் வண்டியை வேறு இடத்துக்குத் தள்ளிக்கொண்டும் போக முடியாது. இப்படிப் பிரித்துப்போட்ட நிலையிலேயே மழையில் நனைந்து செத்த வண்டிகளை நான் ஷெட்டுகளின் பின்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதல் கட்டம்: சீட், மேட், டிரிம், ஸ்டெப்னி எல்லாம் கழற்றி, அடியைக் கழுவி, சந்தேகமான இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளை இரும்புவரை காட்டுவது. இதற்கு நாள்கூலி கணக்கில் பணம் கொடுத்துவிடுங்கள். அன்று நேரில் இருங்கள், போட்டோ எடுங்கள். ‘இது முடிந்ததும் வண்டியை எடுத்துப்போக எனக்கு உரிமை உண்டு’ என்று முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஷெட் உங்களுக்கு வேண்டாம்.

ஷெட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதிவு காலாவதியான, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டாதீர்கள், கயிறு கட்டியும் இழுக்காதீர்கள். இற்றுப்போன பாடியில் கொக்கி மாட்டி இழுத்தால் மாட்டிய இடமே பிய்ந்து வரும். முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டையான ரெக்கவரி வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

6. மதிப்பீடு கேட்கும்போது

பிரித்துப் பார்த்த பிறகு இரண்டாவது கட்டத்துக்கு மதிப்பீடு கேளுங்கள். இடம் இடமாக, எழுத்தில். இடது ஃப்ளோர் முன், வலது ரன்னிங் போர்டு முழுதும், பின் ஸ்பிரிங் இடம் இரண்டு என்று தனித்தனி வரி இருக்க வேண்டும். கூடவே இந்தக் கேள்விகள்:

என்ன வெல்டிங்? மெல்லிய தகரத்துக்கு சி.ஓ.2 வெல்டிங் நல்லது. கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகரம் நெளியும். பித்தளை வைத்து ஒட்டுவது அலங்காரப் பகுதிக்குச் சரி, எலும்பாக இருக்கும் பகுதிக்குக் கூடவே கூடாது.

எத்தனை கேஜ் தகரம்? 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2. எலும்புப் பகுதிக்கு வண்டியில் நல்ல நிலையில் இருக்கும் இடத்தை அளந்து, அதைவிட மெலிந்ததைப் போடவில்லை என்று பாருங்கள். மெல்லிய தகரம் வளைக்க எளிது என்பதால் அதைப் போட்டுவிடப் பார்ப்பார்கள்.

பழைய துருவை வெட்டி எடுத்துவிட்டுப் போடுவீர்களா, மேலேயே பேட்ச் போடுவீர்களா? மேலேயே போட்டால் இரண்டு தகரத்துக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும், அங்கிருந்தே மறுபடி தொடங்கும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும்.

ரன்னிங் போர்டை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைப்பீர்களா? இதற்கு ஆமாம் என்ற பதில் வராவிட்டால் கிளம்பிவிடுங்கள். கம்பி வைக்காமல் வெட்டினால் உடம்பு தொய்ந்துவிடும், கதவு பிறகு எப்போதும் சரியாக மூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவும் கூடாது.

இனி செலவுக் கணக்கு. ஊருக்கு ஊர், ஷெட்டுக்கு ஷெட் கூலி மாறும். ஆகவே தொகையைவிடக் கணக்குப் போடும் முறையைக் கவனியுங்கள். ஃப்ளோர் இரண்டு பக்கம், ரன்னிங் போர்டு இரண்டு, ஸ்பிரிங் இடம் இரண்டு. டிங்கருக்கும் உதவியாளுக்கும் சேர்த்து நாளைக்கு 2,500, இருபத்தைந்து வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 62,500. தகரம், கேஸ், கட்டிங் டிஸ்க், பிரைமர், சீலர் (இணைப்பு இடுக்கை அடைக்கும் பசை) 15,000. கண்ணாடி, சீட், வயரிங் கழற்றி மாட்ட 20,000. மொத்தம் 97,500. இதன் மேல் நாற்பது சதவீதம் எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள்: 39,000. ஆக 1,36,500. பெயிண்ட் இதில் சேரவில்லை. ரப்பர் பீடிங் சேரவில்லை. ஒன்றாம் பகுதியில் குறித்த ஆர்.டி.ஓ. தொகையும் சேரவில்லை. இவற்றையும் கீழே எழுதிக் கூட்டுங்கள்.

அந்த நாற்பது சதவீதம் கையில் இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பாகங்களைப் பொறுத்தவரை, சென்னை ஜி.பி. ரோடு கடைகளிலும் புதுப்பேட்டையிலும் தேடிப் பாருங்கள். கதவு, பானெட், டிக்கி மூடி போன்றவற்றுக்கு, துருப்பிடித்ததைச் சரிசெய்வதைவிடத் துரு இல்லாத பழையதை வாங்குவது பல நேரம் மலிவு. வாங்கும்போது காந்தம் பையில் இருக்கட்டும்.

7. முடிவு

இப்போது உங்கள் கையில் மூன்று தகவல் இருக்கும்: காகிதச் செலவு, எலும்பின் நிலை, பெயிண்ட்வரை ஆகும் மொத்தம். நான்காவதாக ஒன்று தேவை. காகிதம் சரியாக உள்ள, நல்ல பாடியோடு ஓடிக்கொண்டிருக்கும் அதே மாடல் வண்டி இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் போட்ட விலையை எடுக்காதீர்கள், உண்மையில் கைமாறிய விலையைக் கேளுங்கள். மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளின் கண்காட்சிக்குப் போனால் வண்டிக்காரர்களிடமே நேரில் பேசலாம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வார்கள்.

ரன்னிங் போர்டு, ஸ்பிரிங் இடம், தூண்கள் நன்றாக இருந்து, துரு மட்கார்டு, கதவு, ஃப்ளோரில் மட்டும் இருந்தால் தயங்காமல் செய்யுங்கள். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் ஒவ்வொரு மழைக்கும் செலவு ஏறும்.

எலும்பில் துரு இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும், கதவுச் சோதனையில் தேறிவிட்டது என்றால், இந்த வேலையை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கும் டிங்கர் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். அவர் முடித்துக் கொடுத்து இரண்டு மழைக்காலம் பார்த்த வண்டி ஒன்றைப் போய்ப் பாருங்கள். புதிதாக முடித்த வண்டி எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு பக்கமும் ரன்னிங் போர்டு போய், ஸ்பிரிங் இடமும் போய், கதவும் இடிக்கிறது. நல்ல வண்டி ஒன்றின் விலையை மதிப்பீடு தாண்டுகிறது. இந்த நிலையில் வாங்கப் போகும் வண்டியாக இருந்தால் வாங்காதீர்கள். அப்பாவின் வண்டியாக இருந்தால் கணக்கு வேறு. அவர் ஓட்டிய ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குச் சந்தை விலை கிடையாது, அதற்காகச் செலவு செய்வது முழுக்க நியாயம்தான். ஆனால் அந்தச் செலவைத் திரும்ப வராத பணம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி, எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு செய்யுங்கள். பாதியில் வீட்டுக்குள் சண்டை வந்து நின்றுபோன வேலைதான் வண்டிக்கு எல்லாவற்றையும்விடக் கெட்டது.

மூன்றுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: இப்போதைக்கு நிறுத்திவைப்பது. பணமோ ஆளோ இப்போது இல்லையென்றால், மேட்டையும் விரிப்பையும் எடுத்துவிடுங்கள், தண்ணீர்த் துளைகளைக் குத்தித் திறங்கள், கண்ணாடி ரப்பரை மாற்றுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், காற்றோட்டமான கூரையின் கீழ் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கவரை இறுக்கிப் போர்த்தாதீர்கள், உள்ளே வேர்க்கும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, வண்டிக்குச் சில வருடம் கிடைக்கும். பதிவை மட்டும் காலாவதியாக விடாதீர்கள்.

8. எந்த மாதம் தொடங்குவது

சென்னையில் பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த ஷெட்டில் வெட்டிய தகரத்தை வைத்திருக்கக் கூடாது. தேய்த்த வெள்ளை இரும்பில் ஈரக் காற்று பட்டால் மறுநாள் காலையிலேயே மஞ்சள் பூத்திருக்கும். அதனால் அன்று தேய்த்த இடத்துக்கு அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவே எழுதுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் பெயிண்டர் கிடைப்பது கஷ்டம், அந்த நேரத்தில் முடியும்படி திட்டமிடாதீர்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். வெட்டி முடித்ததும் ஒரு பங்கு, வெல்டிங் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு, சீலர் போட்டதும் ஒரு பங்கு. வெல்டிங்கை நீங்கள் பார்க்கும்வரை பட்டி டப்பா திறக்கக் கூடாது. பட்டி ஏறிய பிறகு கீழே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

9. வேலை நடக்கும்போது கண் வைக்க வேண்டியவை

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்க் கழற்றி வெளியே போயிருக்க வேண்டும். பேட்டரி, டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் வயர்கள் கழற்றியிருக்க வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.

மூடிய பெட்டிகளை மூடும் முன் உள்பக்கத்துக்குத் துத்தநாகப் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்து பெயிண்ட் காய்ந்த பிறகு சிறு துளைகள் வழியாக உள்ளே மெழுகுக் கலவை பீய்ச்ச வேண்டும். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயிண்ட் எரிந்துபோயிருக்கும் என்பதால்தான் இந்த வேலை. அடியில் எல்லா இணைப்புகளுக்கும் சீலர். கதவுகளின் தண்ணீர்த் துளையைச் சீலர் அடைத்துவிடாமல் பாருங்கள், அவசரத்தில் அப்படி நடப்பதுண்டு.

ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸில் ஐந்து ஆண்டு தாண்டிய வண்டியின் மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வது. பேசும்போது இந்த பில்லும் போட்டோவும்தான் கைகொடுக்கும். துருவால் வரும் சேதத்தை எந்தச் சாதாரண பாலிசியும் ஏற்காது.

10. எஃப்.சி., வின்டேஜ் பதிவு

பதிவு முடிய 60 நாள் இருக்கும்போதிருந்து படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வரி கட்டிய ரசீது, சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆய்வாளர் பார்ப்பது முதலில் எண், அப்புறம் விளக்கு, ஹாரன், வைப்பர், பிரேக், டயர். துரு வேலையில் மூழ்கி வைப்பர் மோட்டாரை மறந்துவிட்டால் மறுபடி ஒரு நாள் வர வேண்டியிருக்கும்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டி என்றால் 2021இல் வந்த விதிகளின்படி வின்டேஜ் பதிவு பெறலாம். புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000. ஆனால் இரண்டு விஷயத்தை யோசித்துவிட்டுப் போங்கள். அந்தப் பதிவு உள்ள வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போக ஆசை இருந்தால் சாதாரணப் பதிவிலேயே இருங்கள். இரண்டாவது, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஆகவே துருவை வெட்டிவிட்டு அதே வடிவத்தில்தான் தகரம் போட்டீர்கள் என்பதைக் காட்ட, வேலைக்கு முந்தைய போட்டோவும் பிந்தைய போட்டோவும் கையில் இருக்கட்டும்.

11. விட்டுவிடுவது என்று முடிவானால்

பழைய இரும்புக் கடைக்காரரிடம் அப்படியே தள்ளிவிடாதீர்கள். பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கும், அந்த எண்ணை வேறு எதிலாவது மாட்டினால் போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். வண்டி இனி ஓடாது என்று முடிவானால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்து ரத்து செய்ய வேண்டும் என்பது சட்டம். அரசு அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் அதற்கான சான்றிதழ் தருவார்கள், அதைப் பத்திரமாக வையுங்கள்.

கொடுக்கும் முன் இன்ஜின், கியர் பாக்ஸ், கண்ணாடிகள், மீட்டர், கதவுக் கைப்பிடிகள், சீட் ஃபிரேம் எல்லாவற்றையும் கழற்றிப் பட்டியல் போடுங்கள். இன்ஜினுக்கும் எண் உண்டு என்பதால் அதை விற்பதென்றால் வாங்குபவரின் அடையாளச் சான்றின் நகலோடு எழுதிக் கொடுத்து விற்க வேண்டும். மற்ற பாகங்களுக்கு இன்னொரு பத்மினியைச் சரிசெய்துகொண்டிருக்கும் யாராவது நல்ல விலை கொடுப்பார்கள். கண்ணாடியும் மீட்டரும் முதலில் போய்விடும்.